கச்சாங் பூத்தேகாரரின் பேத்தி எழுதுகிறேன்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், அதாவது நம் தேக்காவில், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு வரலாற்று நடையின்போது எடுத்த அந்தப் ‘பாப்கார்ன்’ காணொளியை இந்நேரம் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அதில் ஓரமாக நின்றுகொண்டு குறுக்கே பேசுகிற பெண் நான்தான். “அக்கா, ஒரு சுவரோவியத்துக்கா இவ்வளவு கோபம்?” என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆமாம், ஒரு சுவரோவியத்துக்குத்தான்.

பெலிலியோஸ் சந்தில் இருக்கும் ஓவியம் அது. தேக்காவின் பழைய தொழில்களை வரைந்திருக்கிறார்கள். சலவைத் தொழிலாளி, கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை வகைகள் விற்பவர். நடை போன கூட்டம் அங்கே வந்து நின்றதும் வழிகாட்டித் தம்பி சொன்னது இதுதான்: “இவர் விற்றது அந்தக் காலத்துப் பாப்கார்ன். கிளி, பொழுதுபோக்கு. படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இடத்துக்குப் போகலாம்.” எல்லாரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், நகர்ந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் டான் தெங் நியா என்பவருடைய வீட்டின் முன்னால் எல்லாரையும் நிறுத்தி, 1900-இல் கட்டியது, மிட்டாய் வியாபாரியின் வீடு என்று ஆர அமர விளக்கிவிட்டு வந்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அழகான வீடு, கேட்க வேண்டிய கதை. வீட்டுக்கு இருந்த நேரம், தெருவில் நின்று பிழைத்தவனுக்கு ஏன் இல்லாமல் போனது என்பதுதான் என் கேள்வி.

என் தாத்தா கச்சாங் பூத்தே விற்றவர். காணொளியில் நான் அதைச் சொல்லத் தொடங்கும்போதுதான் “நேரமாகிறது” என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். பாட்டி முதல் நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறப்போடுவார். விடிவதற்கு முன்னால் நிலக்கடலை மணலில் வறுபடும். பட்டாணி, முறுக்கு, சர்க்கரைப் பாகு பூசிய கடலை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டில் அடுக்கப்படும். தாத்தா தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றிக்கொண்டு நடப்பார். சினிமாக் கொட்டகை வாசலில் படம் விடும் நேரம் பார்த்து நிற்பார். பொட்டலம் மடிக்கப் பழைய பள்ளிக்கூட நோட்டுத் தாள்களை எடைக்கு வாங்கிவருவார்கள். மாலையில் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து கூம்பு கூம்பாகச் சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைப்பார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம் அந்தத் தாளில் இருக்கும். எனக்குக் கிடைக்காத பாடத்தை அந்தத் தாள்களில்தான் படித்தேன் என்று அம்மா சொல்வார். தாத்தாவின் உச்சந்தலையில் ஒரு வட்டத்தில் முடி முளைக்கவே இல்லை. சிறு வயதில் அதைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

இதைத்தான் பாப்கார்ன் என்றார்கள்.

“வெளிநாட்டுப் பயணிகளுக்குப் புரிய வேண்டாமா? ஒரு வசதிக்காகச் சொன்னது” என்கிறார் ஒருவர். புரியவைப்பதற்குத்தானே வழிகாட்டியைக் கூட்டிவருகிறார்கள்? பாப்கார்னாகவே அவர்கள் புரிந்துகொண்டு ஊருக்குப் போனால் இங்கே வந்து நின்றதற்கு என்ன அர்த்தம்? தெருவில் சத்தம் போட்டு விற்ற மனிதனைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். எல்லா ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

“அந்தப் பையன் பாவம், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறான்.” ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தம்பி மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. எழுதிக் கொடுத்தவர்கள் மீதுதான். “சுற்றுலா வந்தால் கடைக்காரர்களுக்கு வியாபாரம்.” நல்லது, நடக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாதாம். எல்லாவற்றையும் யார் கேட்டது? சுவரில் நிற்கும் மனிதர் யார் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் படம் எடுக்க மட்டும் நிறுத்தாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன்.

ஓவியம் வரைந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். கெர்பாவ் சாலைச் சுவரில் மாடுகள் இருக்கின்றன. அந்த வட்டாரமே மாட்டு வியாபாரத்தால் வளர்ந்தது. இந்தச் சந்துக்குப் பெயர் தந்த பெலிலியோஸும் கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரிதான். ரேஸ்கோர்ஸ் சாலைச் சுவரில் குதிரைகள் இருக்கின்றன. 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போகும் வரை குதிரைப் பந்தயம் இங்கேதான் நடந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர், கொட்டில் கழுவியவர், குதிரை தேய்த்தவர் என்று யாரைப் பற்றியாவது நடையில் ஒரு வார்த்தை வந்ததா? “வண்ணம் நன்றாக இருக்கிறது, இங்கே நில்லுங்கள்” என்பது மட்டும்தான் வந்தது.

சுவரில் இடமே கிடைக்காதவர்களை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து சிங்கப்பூரைக் கட்டவைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கை பட்டது. உள்சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்த பிறகு பளிங்குக்கல்லால் பளபளக்கும் வரை தேய்த்தார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் கையை வைத்தால் வழுக்குமே, அந்தப் பளபளப்பு. இன்று அதிபர் இருக்கும் இஸ்தானாவும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. வீரமாகாளியம்மன் கோயிலையே முன்பு சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் (கம்பம் என்றால் மலாயில் கிராமம்) என்றுதான் சொன்னார்கள். நாங்கள் அன்று அந்தக் கோயில் வாசலைக் கடந்துதான் போனோம். கோபுரத்தின் வண்ணத்தைப் பற்றிச் சொன்னார்கள். சுண்ணாம்பில் வெந்த கைகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

“நம் ஆட்களே கேட்பதில்லை, அவர்களைச் சொல்லி என்ன?” என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. தீபாவளி விளக்கின் கீழே படம் எடுக்கத் தேக்காவுக்கு வருகிறோம். பிள்ளைகளை அந்தச் சந்துக்குள் கூட்டிப்போய், இவர் உன் கொள்ளுத் தாத்தா மாதிரி என்று காட்டியவர்கள் எத்தனை பேர்? என் அண்ணன் மகனே காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் “அத்தை, தாத்தா நிஜமாகவே தலையில் வைத்து விற்றாரா?” என்று கேட்டான். அவனுக்கு இருபது வயது. வீட்டில் ஒருவர்கூட அவனுக்குச் சொல்லவில்லை. நம் வீட்டிலேயே சொல்லாததைப் பிறர் எழுதிக் கொடுத்துப் படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? முடியாதுதான். ஆனாலும் ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டு, “வரலாற்று நடை” என்று பெயரும் வைத்துவிட்டால், அந்தப் பெயருக்குப் பொறுப்பு உண்டு.

“அப்படியென்றால் நீங்களே நடத்துங்களேன்” என்பவர்களுக்கு: அந்த ஓவியத்தின் முன்னால் நின்று பேச நான் தயார், காசு வேண்டாம். ஆனால் எனக்குத் தெரிந்தது கடலை மட்டும்தான். டோபி காட் பக்கம் துணி வெளுத்த குடும்பம், பூக்கட்டிய குடும்பம், கிளிக் கூண்டு வைத்திருந்த குடும்பம் என்று யாராவது இதைப் படித்தால், எந்தத் தெரு, என்ன கூலி, வீட்டில் யார் யார் கூட வேலை செய்தார்கள் என்று நினைவில் இருப்பதைக் கீழே எழுதுங்கள். தொகுத்து அந்த ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்புகிறேன். அந்தத் தம்பியைத் திட்டி எழுதினால் மட்டும் நீக்கிவிடுவேன்.