லைன்மேனுக்கு ஒரு ஹைஸ்மன் எப்போது?

ஹைஸ்மன் கோப்பை கொடுக்கத் தொடங்கி 90 ஆண்டு ஆகிவிட்டது. அந்தந்த சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தலைசிறந்த ஆட்டக்காரர் யாரோ அவருக்கு என்று சொல்லித்தான் தருகிறார்கள். ஆனால் தாக்குதல் வரிசையில் நிற்கும் லைன்மேன் ஒருவருக்கு அது இதுவரை ஒரு முறைகூடப் போனதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் இது என்னை உறுத்துகிறது. இந்த முறை எழுதியே விடுகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இது நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். ஓர் அணிக்குப் பதினொரு பேர். பந்து கையில் இருக்கும் அணியில் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, கடைசியில் டேக்கிள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ இருப்பார்கள். சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த அடுத்த நொடியே, எதிரணியில் அதே கனத்தில் இருப்பவர்கள் மேலே வந்து மோதுவார்கள். அவர்களை மூன்று நொடி நிறுத்தினால் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை எறிய நேரம் கிடைக்கும். அரை அடி விலக்கினால் ரன்னிங் பேக்குக்கு ஓட வழி கிடைக்கும். இந்த ஐந்து பேர் சறுக்கினால் பின்னால் எவ்வளவு பெரிய நட்சத்திரம் நின்றாலும் பயன் இல்லை.

இவர்கள் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கக்கூட விதி அனுமதிப்பதில்லை. கேமரா பந்தின் பின்னால்தான் போகும். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டால் மட்டும் நடுவர் மைக்கில், 'ஹோல்டிங், எண் 74' என்று அறிவிப்பார். அரங்கமே தன் எண்ணைக் கேட்கும் அந்த ஒரே சந்தர்ப்பம் அவர் தப்பு செய்த சந்தர்ப்பம்தான். ஊரில் தேரோட்டத்தன்று வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் சக்கரத்தடியில் உட்கார்ந்து முட்டுக்கட்டை போடுபவர்தான் அந்தத் தேரை மூலை திருப்புகிறார். இவர்கள் வேலையும் அதுதான்.

டல்லாஸ் பக்கம் இருக்கும் என் அக்கா மகன் பள்ளி அணியில் கார்டாக ஆடுகிறான். "ஏன்டா, ஒரு தடவையாவது அந்தப் பந்தை உன்கிட்ட குடுக்க மாட்டாங்களா?" என்று அக்கா கேட்பாள். "அது என் வேலை இல்லைம்மா" என்பான் அவன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு துளி வருத்தம் இருக்காது. வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

இந்தக் கோப்பை யார் பெயரில் இருக்கிறதோ, அந்த ஜான் ஹைஸ்மனே வரிசையில் ஆடியவர். 1880களின் கடைசியில் பிரௌன் பல்கலைக்கழகத்திலும், பிறகு பென்சில்வேனியாவிலும் ஆடினார். அப்புறம்தான் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார். 1935இல் முதல் கோப்பை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கருக்குப் போனது. அடுத்த ஆண்டு ஹைஸ்மன் இறந்ததும் கோப்பைக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்த வெண்கலச் சிலையைப் பாருங்கள். ஒரு கையில் பந்தை அணைத்தபடி, மறு கையை நீட்டி எதிராளியைத் தள்ளிக்கொண்டு ஓடுபவர் அவர். பெயர் வரிசையில் நின்றவருடையது, உருவம் பந்தோடு ஓடுபவருடையது. வாக்களிப்பவர்களும் அந்த உருவத்தையே பார்த்து வாக்களித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லைன்மேன் ஒருவர் இந்தக் கோப்பைக்கு மிக அருகில் வந்த ஆண்டுகளில் ஒன்று 1973. ஒஹாயோ ஸ்டேட் அணியின் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் பிடித்தார். லைன்மேன்களுக்கு உரிய அவுட்லேண்ட் கோப்பை, லொம்பார்டி விருது இரண்டும் அந்த ஆண்டு அவருக்கே. அவர் திறந்த வழியில் ஓடிய ரன்னிங் பேக் ஆர்ச்சி கிரிஃபின் அந்த வாக்கெடுப்பில் ஹிக்ஸுக்குப் பின்னால்தான் வந்தார். அதே கிரிஃபின் 1974, 1975 இரண்டு ஆண்டும் ஹைஸ்மன் வாங்கினார். அதை இரண்டு முறை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவர் பெரிய ஆட்டக்காரர், மறுப்பே இல்லை. 1973இல் வென்ற பென் ஸ்டேட்டின் ஜான் கப்பெல்லட்டியையும் நான் குறை சொல்ல மாட்டேன். லுகேமியாவோடு போராடிக்கொண்டிருந்த தன் தம்பிக்கு அந்தக் கோப்பையைச் சமர்ப்பித்தவர் அவர். நான் சொல்வது வேறு. ஹிக்ஸுக்குப் பிறகு தாக்குதல் வரிசையிலிருந்து ஒருவர்கூட இரண்டாம் இடம் வரைக்கும் வரவில்லை. அதே ஒஹாயோ ஸ்டேட்டின் ஒர்லாண்டோ பேஸ் 1996இல் நான்காம் இடம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் 1997 தேர்வில், நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அணிகளுக்குப் புரிந்தது வாக்காளர்களுக்குப் புரியவில்லை.

"லைன்மேனுக்குப் புள்ளிவிவரம் கிடையாதே, எதை வைத்து மதிப்பிடுவது?" என்று கேட்பார்கள். சரி, ஒரு கணக்கைப் பார்ப்போம். நாட்டின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு, ஐந்து பேருக்கும் சேர்த்து, 2015 முதல் ஜோ மூர் விருது என்று ஒன்று தருகிறார்கள். அந்த முதல் ஆண்டு அது அலபாமாவுக்கு. அதே ஆண்டு ஹைஸ்மன்? அலபாமாவின் டெரிக் ஹென்றி. 2018இல் ஜோ மூர் ஓக்லஹோமா வரிசைக்கு, ஹைஸ்மன் ஓக்லஹோமாவின் கைலர் மரேவுக்கு. 2019இல் இரண்டும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்கு, ஹைஸ்மன் வாங்கியவர் ஜோ பரோ. 2020இல் மறுபடியும் இரண்டும் அலபாமாவுக்கு, இம்முறை டெவோன்டா ஸ்மித். முதல் ஆறு ஆண்டுகளில் நான்கு முறை, ஹைஸ்மன் வாங்கியவர் நாட்டின் மிகச் சிறந்த வரிசைக்குப் பின்னால் ஆடியவர். இதைவிட என்ன புள்ளிவிவரம் வேண்டும்?

தடுப்பாட்டக்காரர்கள் நிலையும் பெரிதாக வேறு இல்லை. 1997இல் மிச்சிகனின் சார்லஸ் வுட்சன் வென்றார். 2024இல் கொலராடோவின் டிராவிஸ் ஹண்டர் வென்றார். ஆனால் ஹண்டர் தாக்குதல், தடுப்பு என இரு பக்கமும் ஆடியவர். வுட்சனும் பந்தைப் பிடித்து ஓடிக் காட்டியவர். 2009இல் நெப்ராஸ்காவின் உள்வரிசைத் தடுப்பாட்டக்காரர் நடாமுகாங் சூ, டெக்சாஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை நாலரை முறை சாய்த்தார் (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை). அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. ஹைஸ்மனில் அவருக்கு நான்காம் இடம். பார்க்க முடியாது என்பதெல்லாம் இல்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இதனால்தான், ஒவ்வோர் இடத்துக்கும் அந்த சீசனின் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-அமெரிக்கா பட்டியல், ஹைஸ்மனைவிட எனக்குப் பெரிய கௌரவமாகத் தெரிகிறது. அசோசியேட்டட் பிரஸ், பயிற்சியாளர் சங்கம், எழுத்தாளர் சங்கம், ஸ்போர்ட்டிங் நியூஸ், வால்டர் கேம்ப் அறக்கட்டளை என்று ஐந்து பட்டியல்களை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ ஏற்றுக்கொள்கிறது. ஐந்திலும் முதல் அணியில் வந்தால் ஏகமனதான தேர்வு. எந்தப் பட்டியலை எடுத்தாலும் தாக்குதல் வரிசையின் இடங்களை நிரப்பியே ஆக வேண்டும். அதனால் யாரோ உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு, அந்தக் கார்டையும் டேக்கிளையும் பார்க்கிறார்கள்.

அந்தப் பட்டியலும் சுத்தமாகப் பிறந்ததில்லை. 1889இல் வந்த முதல் பட்டியலில் பதினொரு பேரும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் என்ற மூன்றே கல்லூரிக்காரர்கள். ஆனால் மூன்று ஆண்டுகளிலேயே, 1892இல், ஹார்வர்டின் வில்லியம் ஹென்றி லூயிஸ் அதில் இடம்பிடித்தார். ஆல்-அமெரிக்கா ஆன முதல் கறுப்பின ஆட்டக்காரர். அவர் ஆடிய இடம் சென்டர்! ஹைஸ்மன் ஒரு கறுப்பின ஆட்டக்காரருக்குப் போக 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சிராக்யூஸின் எர்னி டேவிஸ். லுகேமியா வந்து, ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் 1963இல், 23 வயதில் போய்விட்டார். அவருக்கு முன்னால் அதே கல்லூரியில் அதே 44ஆம் எண்ணில் ஆடிய ஜிம் பிரௌனுக்கு 1956இல் கிடைத்தது ஐந்தாம் இடம். அந்த ஆண்டு கோப்பை வாங்கிய பால் ஹார்னங்கின் நோட்டர் டேம் அணி பத்து ஆட்டத்தில் எட்டில் தோற்றிருந்தது. அதைப் படிக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

லைன்மேன்களுக்குத்தான் தனி விருதுகள் இருக்கின்றனவே என்பது இன்னொரு வாதம். இருக்கின்றன. அவுட்லேண்ட் 1946இலிருந்தே இருக்கிறது. ஆனால் குவார்ட்டர்பேக்குக்கும் ரன்னிங் பேக்குக்கும்கூடத் தனி விருதுகள் இருக்கின்றன. அதைக் காரணம் காட்டி அவர்களை யாரும் ஹைஸ்மனிலிருந்து ஒதுக்குவதில்லை.

விதி எதையும் மாற்றச் சொல்லவில்லை நான். புதுக் கோப்பையும் வேண்டாம். வாக்குச் சீட்டில் மூன்று பெயர் எழுதலாம். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. நாடெங்கும் 870 பத்திரிகைக்காரர்கள் வாக்களிக்கிறார்கள். அவர்களோடு முன்பு கோப்பை வாங்கி இன்று உயிரோடு இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. நான் முக்கியமாகக் கேட்பது இந்தப் பழைய வெற்றியாளர்களிடம்தான். உங்களில் பலர் மேடையில் நின்று, "என் லைன்மேன்கள் இல்லாமல் நான் இங்கே இல்லை" என்று சொன்னவர்கள். எந்த டேக்கிள் எத்தனை முறை உங்களைக் காப்பாற்றினார் என்பது பத்திரிகைக்காரர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆண்டு உங்கள் சீட்டில் ஒரு லைன்மேன் பெயரை எழுதுங்கள். முதலிடம் தர மனம் வராவிட்டால் மூன்றாவதாகவாவது எழுதுங்கள்.