1616, 1717 ராமர் டோக்கன் அச்சுப் பிழை அல்ல

1616, 1717 என்று பொறித்த ராமர் பட்டாபிஷேகச் செப்பு ‘அரையணா’க்கள் 1818 நாணயத்தின் அரிய அச்சுப் பிழை என்று சிலர் சொல்வது தவறு. நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 1818 என்றிருப்பதே கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயம் அல்ல, பிற்காலக் கோயில் டோக்கன், அதாவது பணமாகப் புழங்காத பக்தி வில்லை. மூலமே இல்லாதபோது பிழை எங்கிருந்து வரும்?

கம்பெனி சாமி உருவமே போடவில்லை என்ற வாதமும் சரியல்ல. கம்பெனி அடித்த சென்னை வராகனில் விஷ்ணு இருக்கிறார், ஆனால் அது தங்க நாணயம். 1835-இன் செப்பு அரையணாவில் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம் இருக்கும், எடை 12.95 கிராம்.

நாணயத்தில் உண்மையான ஆண்டு மாற்றம், காசு அடிக்கும் அச்சிலேயே நடக்கும். பழைய எண்ணின் மேல் புது எண்ணைக் குத்தியிருப்பார்கள். 10 மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில், புது எண்ணுக்கடியில் பழையதன் வளைவோ காலோ மேடாகத் தெரியும். அதே அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது அதே இடத்தில் இருக்கும். ஒரே காசில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணைச் சுற்றிக் கீறலும் பள்ளமும் இருந்தால் உளியால் செதுக்கியது. எண்ணின் ஓரம் படிபோலத் தட்டையாக இரட்டித்தால் அடிக்கும்போது அச்சு அசைந்திருக்கிறது. அது அச்சிலேயே உள்ள வேறுபாடாகச் சேராது, கூடுதல் விலையும் கிடையாது.