முன்வரைவு ஏற்றினால் இதழ் மறுக்காது: ஒரு திருத்தம்
இதழில் வெளியாகும் முன்பே ஆய்வுக் கட்டுரையின் முன்வரைவைப் பொதுவில் வைக்க உதவும் ஆர்க்சைவ் (arXiv) இணையதளத்தில் ஏற்றிய கட்டுரையை எந்த இயற்பியல் இதழும் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று திருப்பிவிடும் என நண்பர் ஒருவர் நம் மதுரை ஆய்வு மாணவர்களை எச்சரித்திருப்பது சரியன்று. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய அந்தத் தளத்தில் முதலில் ஏற்றி, விடுபட்ட மேற்கோள்களைச் சுட்டி வரும் மின்னஞ்சல்களுக்காகச் சில நாள் காத்திருந்து, திருத்திய பின் இதழுக்கு அனுப்புவதே அடிப்படைத் துகள்களை ஆராயும் உயர் ஆற்றல் கோட்பாட்டுத் துறையின் நெடுநாள் வழக்கம். ஜர்னல் ஆஃப் ஹை எனர்ஜி பிசிக்ஸ் இதழுக்கு ஆர்க்சைவ் எண்ணைக் கொடுத்தே கட்டுரையைச் சமர்ப்பிக்கலாம். 2014 முதல் ஸ்கோப்-3 (SCOAP3) என்ற நூலகங்கள், ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பு செலவை ஏற்பதால் ஆசிரியர்கள் அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவதுதான் தவறு. நண்பர் அந்த விதியோடு இதைக் குழப்பிக்கொண்டார் போலும். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று: ஆர்க்சைவில் அறிவிக்கப்பட்ட பதிப்பைப் பின்னர் திரும்பப் பெற்றாலும் பழைய பதிப்பு அழியாது. கட்டுரையைத் தட்டச்சிட்ட லேடெக் (அச்சுக்கோப்பு மென்பொருள்) மூலக் கோப்பும் பொதுவில் கிடைக்கும் என்பதால், நாகமலை அடிவாரத்து விடுதியறையில் நள்ளிரவில் அச்சில் தெரியாதபடி சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதி மறைத்த புலம்பல்களை (பலர் மறந்துவிடுகிறார்கள்) ஏற்றுவதற்கு முன் நீக்கிவிடுங்கள். முதன்முறை ஏற்றுவோருக்கு அத்துறையில் ஏற்கெனவே எழுதியவரின் ஒப்புதல் தேவைப்படலாம். அதை நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.