நாலு அங்குல டயரில் மயங்கிய கதை

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்டலாம் என்று மகன் நச்சரித்தான். பேரங்காடியில் மலிவு விலையில் ஒரு ஃபேட் பைக், அதாவது தடித்த டயர் சைக்கிள், வாங்கினேன். 4 அங்குல டயரைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன், வேறென்ன!

வீட்டில் வந்து பார்த்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கம் திரும்பி நிற்கிறது. இடப்பக்கம் இருக்கவேண்டிய டிஸ்க் பிரேக் வலப்பக்கம். பூட்டியவருக்குக் கண் எங்கே போனது? சரி, நானே கழற்றித் திருப்பி மாட்டினேன். அப்புறம் பெடல் தண்டைப் பிடித்து ஆட்டினேன். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடுகிறது. டயரில் காற்று வேறு கல்லாக நிற்கிறது. மணலில் புதையாமல் ஓட காற்றழுத்தத்தை 10 பிஎஸ்ஐக்கும் குறைவாக வைக்கவேண்டும் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கினேன். பக்கத்து வீட்டு அங்கிள் கேட்கிறார்: "தம்பி, மோட்டார் எங்கப்பா இருக்கு?"