இடாகினி

வெள்ளிக்கிழமை மாலையானால் எங்கள் வீட்டில் லலிதா சகஸ்ரநாமம் சொல்வார்கள். அதில் ‘டாகினீச்வரீ’ என்று ஒரு பெயர் வரும். தொண்டையில், விசுத்தி சக்கரத்தில் குடியிருக்கும் தேவி. பாயச அன்னம் அவளுக்குப் பிரியம் என்றும் அங்கேயே வரும். சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அப்புறம் சிலப்பதிகாரம் படித்தேன். கனாத்திறம் உரைத்த காதை. மாற்றாளின் குழந்தைக்கு மாலதி பால் கொடுக்கிறாள், பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். இளம்பெண் உருவில் ஒருத்தி வந்து, தவம் செய்யாதவர்களுக்குத் தேவர் வரம் தரமாட்டார்கள் என்று சொல்லிக் குழந்தையைப் பறித்துப்போய்ச் சுடுகாட்டு இருட்டில் விழுங்கிவிடுகிறாள். ‘இடுபிணந் தின்னும் இடாகினிப் பேய்’ என்கிறார் இளங்கோவடிகள். தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் முன்னால் ஓர் இகரம். மற்றபடி அதே டாகினிதான். அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திபெத்துக்குப் போனால் இன்னொரு முகம். அங்கே டாகினியை ‘கான்ட்ரோமா’ என்கிறார்கள். வானில் செல்பவள் என்று பொருள். காஷ்மீரத்து யோகினி நிகுமாவை ஞான டாகினி என்று போற்றுகிறார்கள். அவரிடம் கற்ற திபெத்தியத் துறவி கியுங்போ நல்ஜோர் வழியாக ஒரு பௌத்த மரபே கிளைத்தது. பௌத்த நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் டாகினியைச் ‘சூனியக்காரி’ என்று தமிழாக்குவது பெரிய அநியாயம். தயவுசெய்து டாகினி என்றே விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வட இந்தியக் கிராமங்களில் டாகினி என்ற இந்தச் சொல்தான், சூனியக்காரி என்ற பொருளில், ‘டாயன்’ ஆகியிருக்கிறது. அங்கே அது ஏசும் சொல் மட்டுமல்ல. ஒரு பெண்ணின் மேல் அது விழுந்தால் அடிப்பார்கள், ஊரைவிட்டுத் துரத்துவார்கள், கொன்றும் இருக்கிறார்கள். பெரும்பாலும் விதவை, அல்லது கையில் கொஞ்சம் நிலம் இருப்பவள். தடுப்பதற்கு பீகார் 1999-இல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே டாயன் இருக்கிறது. ஜார்கண்டைச் சேர்ந்த சுட்னி தேவியை 1995-இல் அப்படித்தான் குற்றம் சாட்டினார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நோய் வந்ததற்காக. உயிர் தப்பியவர், அதே பழி விழுந்த மற்ற பெண்களை மீட்கும் வேலையில் இறங்கினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ‘டாகினீச்வரீ’ வரும்போது எனக்கு அவர் நினைவு வருகிறது.