இம்மெல்மானை வீழ்த்தியது எது?

முதல் உலகப் போர் நடந்த 1916 ஜூன் 18 அன்று மாலை, வட பிரான்சின் லான்ஸ் நகரை அடுத்த சலோமின் அருகே, ஜெர்மானியப் போர் விமானி மாக்ஸ் இம்மெல்மானின் ஃபோக்கர் விமானம் நடுவானிலேயே உடைந்து விழுந்தது. ‘லீல் நகரத்துக் கழுகு’ என்று கொண்டாடப்பட்ட அவருக்கு அப்போது வயது 25. அந்த விபத்துக்கு இன்றுவரை மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றையும் முன்வைத்தவர் யார் என்று பார்த்தால், அது அவரவருக்கு எவ்வளவு வசதியானது என்பதும் தெரிந்துவிடும்.

தமது 25ஆவது ஸ்குவாட்ரனைச் (விமானப் படைப்பிரிவு) சேர்ந்த மக்கபின் என்பவர் விமானத்தை ஓட்ட, முன்னால் அமர்ந்திருந்த வாலர் சுட்டு வீழ்த்தினார் என்று பிரிட்டன் அறிவித்து இருவருக்கும் பதக்கம் அளித்தது. எதிரியால் வெல்ல முடியாத வீரர் என்ற பிம்பத்தைக் காக்க விரும்பிய ஜெர்மானியத் தரப்பு, இயந்திரக் கோளாறு என்றது. விமானத்தை வடிவமைத்த ஆந்தனி ஃபோக்கரோ, ஜெர்மனியின் சொந்தத் தரைப் பீரங்கியே தவறுதலாகச் சுட்டது என்றார். தன் சரக்கில் குறை இருந்ததாக எந்த வியாபாரிதான் ஒப்புக்கொள்வார்?

என் மனம் இயந்திரக் கோளாற்றின் பக்கமே சாய்கிறது. அந்த விமானத்தின் இயந்திரத் துப்பாக்கி, முன்னால் சுழலும் புரொப்பெல்லரின் (காற்றாடி) அலகுகளுக்கு இடைப்பட்ட வெளி வழியாகச் சுட வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரமும் அது தள்ளும் ஒரு தண்டும்தான் குண்டு எப்போது புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தன. இந்த ஒத்திசைவு இம்மியளவு பிசகினாலும் குண்டுகள் சொந்த அலகையே துளைக்கும். துப்பாக்கி அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதால், அவை ஏறக்குறைய ஒரே இடத்தில் பாய்ந்து அலகை அறுத்துவிடும். ஓர் அலகு பாதியில் போனால், எஞ்சின் நிலைகுலைந்து ஆடும் ஆட்டத்தில் மரச்சட்டங்களும் இரும்புக் குழாய்களும் எவ்வளவு நேரம் தாங்கும்? இம்மெல்மானுக்கு இத்தகைய கோளாறு முன்பே நேர்ந்திருக்கிறது. அப்போது உயிர் தப்பினார். சக வீரரான பெல்க்கேயும் புரொப்பெல்லர் உடைந்ததையே காரணமாகச் சொன்னார்.

ஆனால் இதைச் சொல்லி வாலரின் பங்கை அழித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் சுட்டார், எதிரி விழுந்ததைக் கண்ணால் கண்டார். அவர் பொய் சொல்லவில்லை. தவிர, வாலரின் குண்டே புரொப்பெல்லரில் பட்டிருக்கவும் கூடும். அறுபட்ட அலகை வைத்துக்கொண்டு, அந்த வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.