யாரிடம் போய்க் கேட்பது?

கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாளே, ஒன்பது ஆண்டுகளாக ஒரு குறையுமின்றி உழைத்த என் ஸ்கேனர் நின்றுவிட்டது. அதைவிட, உதவி கேட்டு அலைந்த மூன்று வாரங்கள்தான் என்னை அதிகம் வருத்தின. ஸ்கேனர் நிறுவனத்தாரைக் கேட்டால், இயங்குதளம் தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். அவர்களைக் கேட்டால், ஸ்கேனரைக் கணினியோடு இணைத்து இயக்கும் நிரலான டிரைவரை எழுதியவர்களிடமே போங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஒருவரிடம் பதிப்பு எண் முதல் பிழைச் செய்தி வரை மறுபடியும் ஒப்பிக்க வேண்டும். அதைக் கேட்டு முடித்ததும், கணினியை அணைத்துப் போட்டுப் பாருங்கள், நிரலை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள் என்ற அதே இரண்டு அறிவுரைகள்தான் வரும்.

கடைசியில் நானே கண்டுபிடித்த காரணம் மிகச் சாதாரணமானது. என் பழைய இயங்குதளம் 32 பிட், புதியது 64 பிட் (கணினி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவைக் குறிக்கும் எண்கள் இவை). 32 பிட் செயலிகளை (ஆப்களை) ஓட்டக்கூடிய 64 பிட் இயங்குதளங்கள் உண்டு என்றாலும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் 64 பிட்டாகவே இருந்தாக வேண்டும். எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் இது மாறாது. 2019-இல் வந்த, ஆப்பிள் கணினிகளுக்கான இயங்குதளமான மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் செயலிகளையே முற்றாகக் கைவிட்டது. ஆனால் அவற்றைத் திறக்கும்போதே எச்சரிக்கும் வழக்கம் 2018-இல் தொடங்கிவிட்டது. அந்த அளவு மரியாதையாவது பயனருக்குத் தர வேண்டாமா? என் ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் வராது என்ற ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால், பழைய இயங்குதளம் இருந்த வட்டை நான் அழித்திருக்கவே மாட்டேன்.